மூன்றாவது முத்திரை

அத்தியாயம் 14

தாடிக்கொம்பு தமிழ்மதிக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. நம் சகாயசெல்விக்கு வரவில்லை. போன வாரம் அந்த இடத்தில்தான் அவளை நிறுத்திவிட்டு வந்தோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1995 ஆகஸ்டில் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு இவர்கள் இரண்டு பேரும் திண்டுக்கல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே வரிசையில் நின்று பெயரைப் பதிந்தார்கள். செல்வி முன்னால் நின்றாள், தமிழ்மதி பின்னால். அதனால் செல்வியின் பதிவு எண் ஒன்று குறைவு. பதினோரு வருஷம் கழித்து இந்த 2006 நவம்பரில் அரசுப் பள்ளி வேலைக்குப் பதிவு மூப்புப்படி கூப்பிடுகிறார்கள். அப்படியானால் முதலில் செல்விக்கு வந்து, பிறகுதானே தமிழ்மதிக்கு வர வேண்டும்?

தபாலில்தான் எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று செல்வி நம்பினாள். நம்பியதோடு விட்டிருக்கலாம். வேலை பார்த்த தனியார் பள்ளியில், வருகிற புதன்கிழமை சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போக லீவு கேட்டாள். தாளாளர் தர மாட்டேன் என்றார். "அப்ப நான் நின்னுக்கிறேன் சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அந்தக் காகிதத்தில் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. கூடத்துச் சுவரில் கடிகாரம் எட்டு அடித்தது.

அந்தக் கடிகாரம் செல்வி வாங்கிய பரிசு. 1993இல் பிளஸ் டூவில் ஆயிரத்துப் பன்னிரண்டு மார்க் எடுத்துப் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்ததற்குக் கொடுத்தது. அவள் பெயரும் மார்க்கும் கண்ணாடியில் பெயிண்டால் எழுதியிருக்கும். பதிமூன்று வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் மணி சொல்கிறார்கள். பிளஸ் டூ பெயிலான தம்பி செழியனும்தான்.

"இன்னிக்கே போகணுமாத்தா?" என்றாள் அம்மா செபாஸ்தியம்மாள். பூ மார்க்கெட்டில் மாலை கட்டுகிறவள். இன்று அவள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

"இன்னிக்குப் போகாம? இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

"திங்கக்கிழமை போயேன். வெயிலாவும் இருக்கு. செத்த நேரம் உக்காந்து ரெண்டு இட்லியாச்சும் சாப்பிடு."

"நவம்பர் மாசத்துல என்னம்மா வெயில்? எம்ப்ளாய்மென்ட் கார்டு எங்க?"

அம்மா இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது செழியன்கிட்ட இருக்கும்."

கார்டு செழியனிடம் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கல்யாணமாகிச் சேவுகம்பட்டிக்குப் போனதிலிருந்து, போன வருஷம் வேலைக்காக இங்கே திரும்பி வரும் வரைக்கும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அக்காவின் பதிவைப் புதுப்பிப்பது அவன் வேலை. ஆகஸ்ட் மாதம் கார்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும், முத்திரை வாங்கி வர வேண்டும், அவ்வளவுதான். 98இல் போட்டான். 2001இல் போட்டான். 2004இல் "போட்டாச்சுக்கா" என்று போனில் சொன்னான்.

செழியனுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற வேலை. வாரத்தில் நாலு நாள் அங்கேயே தங்கிவிடுவான். செல்வி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவன் செல்லுக்குப் போட்டாள்.

"கார்டு எங்கடா வச்சிருக்க?"

அந்தப் பக்கம் லாரி உறுமும் சத்தம்தான் கேட்டது. பிறகு, "ரூம்ல இருக்குக்கா" என்றான்.

"எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வந்துரு. நான் முன்னாடி போறேன்."

"இன்னிக்கு லோடு நெறைய இருக்குக்கா. கேரளா வண்டி."

"ஏலே, என் பொழப்பே தொங்கிக்கிட்டிருக்கு. கேரளாக்காரனுக்குக் கத்திரிக்கா ஒரு மணி நேரம் பிந்திப் போனா ஒன்னும் ஆயிராது."

போனை வைத்தாள். பொழப்பு தொங்குகிறது என்று அவள் சொன்னது பேச்சுக்காக இல்லை. கணவன் மதியழகன் கெட்டவன் இல்லை. ஆனால் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன். "நீ டவுன்ல உங்கம்மா வீட்ல இருந்து வேலை பாரு, கவருமெண்டு வேலை வர்ற வரைக்கும் நான் ஒன்னும் சொல்லல. இந்த வருசமும் வரலைன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துரு. அதுக்கு மேல எங்க வீட்ல என்னால பதில் சொல்ல முடியாது" என்று போன பொங்கலுக்கே சொல்லிவிட்டான். ஊருக்குப் போனால் கத்திரிச் செடி உண்டு, மாடு உண்டு, மாமியார் உண்டு. ஆயிரத்துப் பன்னிரண்டு மார்க்குக்கு அங்கே வேலை இல்லை. நாலாவது படிக்கும் இசைவாணி இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்கு மதியழகன் வருகிறான். கடிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அன்றைக்குக் கூட்டம் அதிகமில்லை. செல்வி கையில் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வைத்திருந்தாள். அதன் பின்பக்கம் 95இல் குத்திய சீல், நீல மை மங்கிப்போய் இருந்தது. பதிவு எண் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

கவுண்டரில் இருந்தவர் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தார். முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. திரும்பவும் ஒருமுறை அடித்தார்.

"2004ல ரினிவல் பண்ணலையேம்மா."

"பண்ணியிருக்கு சார். நல்லாப் பாருங்க."

"ஆகஸ்ட்ல பண்ணணும். விட்டவங்களுக்கு மேற்கொண்டு ரெண்டு மாசம் டயம் உண்டு. அக்டோபர் வரைக்கும் யாரும் வரல. பதிவு ரத்தாயிருச்சு."

செல்விக்கு அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "என் தம்பி வந்து போட்டான் சார். கார்டுல சீல் இருக்கு. இப்பக் கொண்டுக்கிட்டு வந்துருவான்."

"தம்பி பேரு என்னங்க?"

"செழியன்."

அவர் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. மார்க் ஷீட்டைத் திருப்பி முகப்பில் இருந்த பெயரைப் படித்தார். "நீங்க சகாயசெல்வி அக்காவா? பள்ளிக்கூடத்துல கடிகாரம் வாங்குனவங்க? நான் நூர் அகமது. செழியனும் நானும் பிளஸ் டூல ஒரே பெஞ்சு."

செல்விக்கு உயிர் வந்தது. தெரிந்த பையன். பெஞ்சுக்காரன். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

நூர் அகமது எழுந்து அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டான். ஃபேனைப் போட்டுவிட்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அவன் வந்தான்க்கா. பொய் சொல்லக் கூடாது. 2004 ஆகஸ்ட் கடைசி வாரம். வாசல் வரைக்கும் கூட்டம். வரிசையில மூணாவது ஆளா நின்னான். நான் அப்பத்தான் இந்த சீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. அவனப் பார்த்ததும் கையக் காட்டுனேன். முன்னாடி இருந்தவருக்கு சீல் குத்திட்டு நிமிந்து பாக்குறேன், ஆளக் காணோம். எந்திரிச்சு, ஏலே செழியான்னு கூப்பிட்டேன். வரிசையில அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அவன் மட்டும் திரும்பல."

"ஏன் போனான்?"

"எனக்கு என்ன தெரியும்க்கா. அவன் உங்க கார்டுக்குத்தான் வந்தான்னு தெரிஞ்சிருந்தா வீட்டுக்கே வந்து வாங்கிப் போட்டிருப்பேன்." நூர் அகமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "கணக்கு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான். பரீட்சையில எனக்கு வந்துச்சு. அவனுக்கு அன்னிக்கு வரல. அந்தக் கணக்குலதான் அவன் பெயிலானான்."

செல்வி கேட்கக் கூடாததைக் கேட்டாள். பிள்ளைகளுக்கு நல்லொழுக்கப் பாடம் எடுத்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பழைய தேதி போட்டு ஒரு சீல் குத்திக் குடுத்துரு தம்பி. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. லிஸ்ட் எடுத்து மெட்ராசுக்கே போயாச்சு. கார்டுல குத்துறதால ஒன்னும் ஆகாது. கம்ப்யூட்டர்ல உங்க நம்பர் ரத்துன்னு இருக்கு."

"பதினோரு வருசம்ப்பா. நான் வேலையக்கூட விட்டுட்டேன்ப்பா."

 நூர் அகமது புதுப் பதிவுக்கான படிவத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். இன்றைக்குப் பதிந்தால் இன்றைய தேதியிலிருந்து மூப்பு. 95இல் பதிந்தவர்களையே இப்போதுதான் கூப்பிடுகிறார்கள். செல்விக்குக் கணக்கு நன்றாக வரும். அவளுடைய முறை வரும்போது இசைவாணிக்கு இருபது வயது ஆகியிருக்கும்.

படிவத்தை வாங்கினாள். எழுதவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

வெளியே ரோட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு புளியமரம். அதன் கீழே செழியன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க வெங்காயச் சருகு. உள்ளே வராமல் அங்கேயே நின்றதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

கார்டை நீட்டினான். பாலிதீன் கவருக்குள் பத்திரமாக இருந்தது. செல்வி எடுத்துப் பார்த்தாள். 98க்கு ஒரு முத்திரை. 2001க்கு ஒரு முத்திரை. மூன்றாவது கட்டம் வெள்ளையாக இருந்தது.

"போட்டாச்சுன்னு சொன்னியேடா."

"மறுநாள் போட்டுக்கிருவோம்னுதான் சொன்னேன்க்கா."

"மறுநாள்?"

"வந்தேன். நூர் அதே சீட்ல உக்காந்திருந்தான். ரெண்டு மாசம் டயம் இருக்குன்னு தெரியும். எட்டுத் தடவை வந்தேன்க்கா. இந்த மரம் வரைக்கும் வருவேன். ரோட்டத் தாண்ட முடியல."  "அவன் அயர்ன் பண்ணுன சட்டையோட உக்காந்து பேரு கேப்பான். என்ன பண்றன்னு கேப்பான். மூட்டை தூக்குறேன்னு அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லணும். அவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவன் நானு."

"யார்கிட்டயாச்சும் குடுத்து விட்டிருக்கலாம்லடா பாவி. எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"குடுத்து விட்டா நீ ஏன் போகலன்னு கேப்பாங்க. உனக்குப் போன் போட்டாலும் நீ அதத்தான் கேப்ப."

செல்வி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் சட்டைச் சருகில் போய் நின்றது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அடிக்காமல் கையை இறக்கினாள். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரிசல்ட் வந்த அன்றைக்குப் பேப்பரில் நம்பர் இல்லையென்று தெரிந்ததும் இவன் என்ன செய்தான் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அழவில்லை. கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கி வந்து போட்டான். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அவன்தான் பேட்டரி போடுகிறான்.

"அன்னிக்கு நூர் உன்ன எதுக்குக் கூப்பிட்டான்னு தெரியுமாடா?" என்றாள்.

செழியன் தலையைத் தூக்கவில்லை.

"நீ நல்லா இருக்கியான்னு கேக்கக் கூப்பிட்டிருக்கான். வேற ஒன்னும் இல்ல. எனக்குச் சேரு போட்டு உக்காரவச்சு, உன்ன ஒரு வார்த்தை குறையாப் பேசல."

செழியன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். இருபத்தெட்டு வயது ஆள், பட்டப்பகலில், அத்தனை பேர் போகிற ரோட்டில்.  செல்விக்கு அழுகை வரவில்லை. யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் நின்றாள்.

பிறகு அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"அம்மாகிட்ட ஒன்னும் சொல்லாத."

"அக்கா..."

"பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டிருக்கு. நீ செஞ்சதுன்னு தெரிஞ்சா அதுக்குத் தாங்காது. ரினிவல் விட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்றேன். யாரு விட்டாங்க, என்னன்னு கேட்டா எதையாச்சும் சொல்லிக்கிறேன். அவருக்கும் அதான். நீ இன்னிக்கு வீட்டுப் பக்கம் வராத. வந்தா உன் மூஞ்சியே சொல்லிரும்."

"மச்சான் உன்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாருக்கா."

"அதுக்கு இப்ப நான் என்ன பண்ண?"

செழியன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். 

அங்கிருந்து செல்வி நேரே வீட்டுக்குப் போகவில்லை. வேலையை விட்ட பள்ளிக்குப் போனாள். தாளாளரைப் பார்க்க வெளி பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். போன வாரம் அவள் எடுத்த ஐந்தாம் வகுப்பிலிருந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. ஒரு புதுக் குரல் முன்னால் சொல்ல, பிள்ளைகள் பின்னால் சொன்னார்கள். ஆள் போட்டுவிட்டார்கள். தாளாளர் பார்க்காமலே, இனி இடமில்லை என்று ஆயாவிடம் சொல்லி அனுப்பினார். அந்த ஆயா, "நீங்க ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க டீச்சர்" என்றாள். டீச்சர் என்று அவளைக் கூப்பிட அந்த ஊரில் இன்று அந்த ஆயா ஒருத்திதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தே முக்கால். இசைவாணி வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லெட்டர் வந்துருச்சா?"

"எழுதுடா கண்ணு. வாரேன்."

அடுப்பில் குழம்பு கொதித்தது. மாப்பிள்ளை வருகிறார் என்று அம்மா இரண்டு வெஞ்சனம் செய்துவைத்திருந்தாள். முட்டை அவித்திருந்தாள். மகள் உள்ளே வந்ததைப் பார்த்தும் செபாஸ்தியம்மாள் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளைச் செல்வி சொன்னாள்.

"ரினிவல் விட்டுப்போச்சும்மா. ரத்தாயிருச்சு. இனிமே புதுசாத்தான் பதியணும்."

அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்வாள், மாதாவைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அதற்காகத் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அம்மா அசையவில்லை. கொதிக்கிற குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த நூர் அகமது சொல்லிட்டானா?" என்றாள்.

செல்வி சொம்பைக் கீழே வைத்தாள். நூர் அகமது என்ற பெயரை அவள் இந்த வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவன் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிறான் என்பதே அவளுக்குக் காலையில்தான் தெரியும்.

திங்கட்கிழமை போயேன் என்று அம்மா காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. மார்க்கெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்தது ஞாபகம் வந்தது. போன வாரம், வேலையை விட்டு நின்றுவிட்டேன் என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எப்ப இருந்தும்மா தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருசம் முந்தி, அந்த ஐப்பசியிலயே அழுதுக்கிட்டு வந்து சொன்னான். ரெண்டு நாள் சோறு திங்கல. எங்கயாச்சும் போய் விழுந்துருவானோன்னு பயந்து போனேன். விடுறா, அவளையெல்லாம் இப்பக் கூப்பிட மாட்டான், பின்னாடி சொல்லிக்கிருவோம்னு நான்தான் சொன்னேன்."

"நான் வேலைய விட்டப்பக்கூடச் சொல்லலையேம்மா."

"வாய் வரலத்தா."

கூடத்தில் கடிகாரம் ஆறு அடித்தது. வாசலில் இசைவாணி நோட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, அம்மா ஆபீசுக்குப் போயிட்டு வந்துட்டாங்க" என்றாள்.

மதியழகன் செருப்பைக் கழற்றினான். "எங்க உங்கம்மா? லெட்டரு வாங்கிட்டாளா?"

செபாஸ்தியம்மாள் மகளின் கையைப் பிடித்தாள். பூ கட்டிக் கட்டி நார் அறுத்த விரல்கள். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று செல்விக்கு இத்தனை வருஷம் தெரியாது.

"நீ எப்படியும் பொழச்சுக்கிருவ, படிச்சவ" என்றாள் அம்மா, குரலே வெளியே வராமல். "தம்பிய மட்டும் காட்டிக் குடுத்துராதத்தா."